சின்ன ஜிம்மி எடுத்த பூ

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரர் ஒரு நாய் வளர்க்கிறார். நாய் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், எனக்கு அது வாயில் நுழைவதில்லை. போன வாரம் ஒருநாள் காலையில் லிஃப்டில் அவர், அது, நான். என் கையில் ஆபீஸ் பை. பைக்குள் டப்பா, டப்பாவுக்குள் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த பொடி தடவிய இட்லி. அது மூக்கைத் தூக்கி என் பையைப் பார்த்தது. பிறகு பையின் மூலையைப் பல்லால் மெதுவாகக் கவ்விக்கொண்டது. "ஒண்ணும் பண்ணாது ஆன்ட்டி" என்றார் அவர். நான் பயந்து நிற்பதாக நினைத்துக்கொண்டார். இட்லிப்பொடி வாசனைக்கு மயங்கி ஒரு நாய் செய்த காரியத்தால் என் வாழ்க்கை ஒரு பக்கம் திரும்பியது என்பதையும், அது சரியான பக்கமா தப்பான பக்கமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை என்பதையும் லிஃப்ட் கீழே போய்ச் சேர்வதற்குள் அவரிடம் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

உங்களுக்கு நேரம் இருக்கிறது, உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் குரும்பலூரில் இருந்தோம். தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு வருஷம் மட்டுமில்லை, மாவட்டமே குழம்பும். திருச்சி மாவட்டம் என்று விலாசம் எழுதிப் பழகிய கையைப் பெரம்பலூர் மாவட்டம் என்று எழுத வைத்தார்கள். பிறகு அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், திரும்பச் சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். தா.பழூர் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் தோழி ஒருத்தி, வீடு மாறாமலே மாவட்டம் மாறிக்கொண்டிருந்தாள். ஆனால் மாதம் பங்குனி. அதில் சந்தேகம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் தட்டியால் அடைத்துப் பட்டறை போட்டு, சேமித்து வைக்கச் சின்ன வெங்காயத்தை ஏற்றி முடித்திருந்தோம். என் துணி, தலைமுடி, குடிக்கிற காப்பி எல்லாவற்றிலும் வெங்காய வாசனை.

எனக்கு வேலை பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூண்டின் கதவு முழுசாகச் சாத்தாது, ஒருக்களித்தே நிற்கும். அதனால் உள்ளே பேசுவது எல்லாம் என் காதில் விழும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன புருஷன்மார்களிடம் பேச வரும் பெண்கள் முதலில் அழுவார்கள், பிறகு மாமியாரைப் பற்றிச் சொல்வார்கள், மீட்டர் ஓடுகிறதே என்று அவசரமாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வைப்பார்கள். சிலபேர் சிரித்துக்கொண்டு உள்ளே போய் அழுதுகொண்டு வெளியே வருவார்கள். கல்யாணம் நல்லதா கெட்டதா என்று இத்தனை பேர் பேச்சை ஒட்டுக்கேட்டும் எனக்கு விளங்கவில்லை. கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் மூன்று ஜிம்மிகள் இருந்தன. தெருமுனையில் நின்று "ஜிம்மி" என்று கூப்பிட்டால் மூன்றும் ஓடிவரும், வந்தபின் ஒன்றையொன்று பார்த்து உறுமும். எங்கள் வாசலில் கிடந்தது சின்ன ஜிம்மி. வயதில் சின்னது இல்லை, உருவமே அவ்வளவுதான். ஒரு பூனை முறைத்தால் என் தாவணிக்குப் பின்னால் போய் நிற்கும். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். யாரும் அதை வளர்க்கவில்லை. அதுவாக வந்தது, அதுவாக இருந்துகொண்டது. "இது ஒண்ணுதான் நம்ம வூட்டுக்குக் கொறச்சல்" என்று சொல்லிக்கொண்டே அம்மா அதற்குச் சோறு வைப்பாள். தினமும் காலையில் பஸ் ஸ்டாப் வரை என்னோடு வந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

அந்த மாசிக் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காடு இருக்கிற குடும்பம். அவர் அரியலூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். காப்பித் தட்டோடு நான் வந்தபோது அவர் தலை நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. ஆகவே நான் பார்த்தது அவருடைய கையை மட்டும். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. தேய்த்துக் கழுவிப் பார்த்திருக்கிறார், போகவில்லை.

அவர்கள் கிளம்பும்போது ஒன்று நடந்தது. வாசலில் அவர் கழற்றி விட்டிருந்த செருப்பின் மேல் சின்ன ஜிம்மி சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள். இவர் மட்டும் வெறுங்காலோடு செருப்புக்குப் பக்கத்தில் நின்றார். "என்ன மாப்ள, வந்து ஏறுங்க" என்று வேனிலிருந்து சத்தம் வந்தது.

"தூங்குதுங்க" என்றார் அவர்.

கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா ஓடிப்போய் விளக்குமாற்றைக் காட்டி அதை எழுப்பி விட்டாள். அது எழுந்து, நிதானமாகச் சோம்பல் முறித்து, அவரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அவர் குரலில் நான் கேட்ட சொல் அந்தத் "தூங்குதுங்க" ஒன்றுதான்.

அவர்கள் வீட்டில் சம்மதம் என்று தரகர் வந்து சொன்னார். அம்மாவுக்கும் சம்மதம். அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் பட்டறை ஓரம் உட்கார்ந்து அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்துகொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நாளைக்கு சாயந்தரம் தரகரு வராரு. ஒனக்குப் புடிச்சிருந்தா சரிங்கிறேன். இல்லன்னா வேணாங்கிறேன். நீ சொல்றதுதான்."

"நீங்களே பாத்து சொல்லுங்கப்பா."

"வாழப் போறது நீ. நான் எப்புடி சொல்றது?"

நீங்கள் இதைக் கேட்டு, எவ்வளவு நல்ல அப்பா என்பீர்கள். நல்ல அப்பாதான். ஆனால் எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணையும் யாரும் கேட்டதில்லை. என் அக்காவைக் கேட்கவில்லை, என் அம்மாவைக் கேட்கவில்லை. "கட்டி வச்சுட்டாங்க" என்று சொல்லி அழவும் சிரிக்கவும் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. எனக்கு அது இல்லாமல் போயிற்று. வார்னிஷ் கையை நினைத்தால் சரி என்று தோன்றியது. பூத்தில் அழுத பெண்களை நினைத்தால் வேண்டாம் என்று தோன்றியது. ஆண்டிமடம் எவ்வளவு தூரம் என்று நினைத்தால் ஒன்றும் தோன்றவில்லை. புரண்டு புரண்டு படுத்தேன். எழுந்தபோது ஒரே ஒரு முடிவு எடுத்திருந்தேன். இந்த முடிவை நான் எடுப்பதில்லை, சாமியிடம் பூக் கேட்டுவிடுவது என்று.

எங்கள் பக்கம் இப்படித் திண்டாடுகிறபோது பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி சாமி முன்னால் வைத்து, விவரம் அறியாத ஒரு கையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் யார் வீட்டுக் குழந்தையாவது எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். கிணறு வெட்டுவதற்கும் பெண் கொடுப்பதற்கும் எங்கள் ஊரில் இது நடக்கும். ஊருக்குள் இருக்கிற கோயிலில் போய்க் கேட்டால் பூசாரி தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். அதனால் மலைக்கு மேலே இருக்கிற கன்னிமாரிடம் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். ஏழு கன்னிமார், சுனை ஓரம் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். ஆடியில்தான் அங்கே கூட்டம் போகும், மற்ற நாளில் ஈ காக்கை இருக்காது. ஏழு பேரும் கல்யாணமே ஆகாதவர்கள், அவர்களிடம் போய்க் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் என்ன தெரியும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

வேலைக்குப் போவது போலவே புறப்பட்டேன். அம்மா வழக்கம்போல வாழையிலையில் பொடி இட்லியை மடித்துப் பையில் வைத்தாள். குளத்துக்கரைப் பிள்ளையார் கோயில் ஓரத்தில் வெள்ளரளியில் ஒன்றும் செவ்வரளியில் ஒன்றும் பறித்துக்கொண்டேன். எதிர் வீட்டு அக்கா குடத்தோடு வந்தாள். "என்ன பாப்பா, பஸ்ஸுக்குப் போவலயா?" என்றாள். "போவணுங்க்கா" என்று சொல்லிவிட்டு மலைப் பக்கம் திரும்பி நடந்தேன். பஸ் ஸ்டாப்போடு நின்றுவிடுகிற சின்ன ஜிம்மி, இன்றைக்கு ரூட்டு மாறுகிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு என் பின்னால் வந்தது.

பச்சைமலைக்கு முன்னால் தனியாகத் தள்ளி நிற்கிற ஒரு கரடு, சின்னக் குன்று அது. பங்குனியில் அதில் பச்சை என்று பெயருக்குத்தான் இருக்கும். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். ஆனாலும் அடிவாரத்துப் புங்கமரம் புதுத் தளிர் விட்டு எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுத்தது. வேம்பு பூத்திருந்தது. காற்றடிக்கும்போது எங்கிருந்தோ இலுப்பைப்பூ வாசனை வந்தது. அது எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது இன்னொரு குழப்பம். முதல் மூச்சில் இனிப்பாக இருக்கும், அடுத்த மூச்சில் தலை சுற்றும்.

ஆடியில் கூட்டத்தோடு போனபோது பாதை நன்றாகத் தெரிந்தது. தனியாகப் போனால் எல்லாத் திசையிலும் பாதை இருந்தது. ஆடு போன தடம், விறகுக்காரர் போன தடம், மழைத்தண்ணீர் போன தடம் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. நான் வலது பக்கம் போனால் ஜிம்மி இடது பக்கம் போய் நின்று திரும்பிப் பார்க்கும். நான் அதன் பின்னால் போனால் அது ஒரு ஓணானைத் துரத்தப் போயிருக்கும். பெரிய பாறை வந்தால் ஏற முடியாமல் கீழே நின்று முனகும். இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு ஏறுவேன். தோளில் கிடந்து என் காதை நக்கும். வழியெல்லாம் அதனோடு பேசிக்கொண்டே போனேன். "அவர் செருப்புல படுத்தியே, எப்புடி இருந்துச்சு? நல்ல மனுஷனா?" என்று கேட்டேன். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் அவரைப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தது அது ஒன்றுதானே.

சுனைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. சுனையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. முகம் கழுவி, கன்னிமார் மேல் கிடந்த சருகைத் தள்ளி, இரண்டு கை தண்ணீர் தெளித்தேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜிம்மிக்குத்தான் இட்லியைப் பிட்டுப் போட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, பூவை மடிக்க இலை கொண்டுவரவில்லை. சுற்றிலும் பார்த்தேன். இருந்ததெல்லாம் முள்ளும், விரல் அகல இலையும். கடைசியில் இட்லி இலையையே இரண்டாகக் கிழித்து, முந்தானையால் துடைத்து, பூவை வைத்து மடித்து நாரால் கட்டினேன். எண்ணெய் பட்ட இலையில் சாமிக்குப் பூ வைக்கலாமா என்று உறுத்தியது. கன்னிமாரும் பெண்பிள்ளைகள்தானே, பொடி வாசனை பிடிக்காமலா போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எடுப்பது யார் என்று அடுத்த கேள்வி. குழந்தைக்கு நான் எங்கே போவேன்? கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பொட்டலத்தையும் மாற்றி மாற்றி உருட்டினேன். எது எது என்று எனக்கே தெரியாமல் போனதும் நடுக் கல்லின் முன்னால் வைத்தேன். மூடிய கண்ணைத் திறக்காமலே கைகூப்பி, "ஆத்தா, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே சொல்லுங்க" என்றேன். கண்ணைத் திறந்தால் ஒரு பொட்டலம்தான் இருந்தது. இன்னொன்று சின்ன ஜிம்மி வாயில் தொங்கியபடி சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மிச்சப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடும்போதும் மனசு கணக்குப் போட்டது. விவரம் அறியாத கை எடுக்க வேண்டும் என்பதுதானே முறை. நாய்க்கு என்ன விவரம்? அப்படியானால் அது எடுத்ததுதான் சாமி வாக்கு. ஆனால் அது பூவையா எடுத்தது, பொடியை அல்லவா எடுத்தது? அப்படியென்றால் சாமி எனக்காக விட்டுவைத்தது என் கையில் இருப்பதா? இதைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய, எது கணக்கு என்று தெரியாதே. செருப்பு வார் அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு "ஜிம்மி! ஜிம்மி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

சரிவில் இரண்டு பெண்கள் விளக்குமாற்றுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரும் அண்ணியும் என்று பிறகு தெரிந்தது. அண்ணி பெயர் தனக்கோடி, நாத்தனார் அஞ்சலை. தலைவிரி கோலமாக ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்ததும் தனக்கோடி அரிவாளைப் போட்டுவிட்டு என் கையை எட்டிப் பிடித்தாள்.

"ஏ புள்ள, நில்லு! எங்க ஓடுற?"

"ஜிம்மி போயிட்டான்க்கா..."

"எவன்டி அவன் ஜிம்மி? மலைக்கு வரச் சொல்லிட்டு ஓடிட்டானா?"

எனக்கு மூச்சு வாங்கியது. அவள் என் கையைப் பிரித்துப் பொட்டலத்தைப் பிடுங்கி, நாரை அறுத்து உள்ளே பார்த்தாள். "அய்யய்யோ, அரளிடி!" என்று அலறி, இலையோடு பள்ளத்தில் வீசிவிட்டாள். எனக்கு எட்டிப் பார்க்கக்கூட நேரம் இல்லை.

"என்ன கலருக்கா?" என்றேன்.

"சாவப் போற புள்ளைக்கு கலரு ஒரு கேடா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். நிஜமாகவே வலித்தது.

அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் சொன்னேன். ஜிம்மி நாய் என்பதை முதலில் சொன்னேன். பூக் கேட்க வந்தது, இலை இல்லாதது, பொடி வாசனை எல்லாம் சொன்னேன். அஞ்சலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அப்ப அந்த நாயி அரளியில்ல தின்னுருக்கும்?" என்றாள்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அரளி சாமிக்குப் போடுகிற பூ என்று ஒரு பக்கமும், அரைத்துக் குடித்தால் ஆள் தங்காது என்று ஒரு பக்கமும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான் நான். பூக் கேட்க வேண்டும் என்கிற நினைப்பில் இரண்டாவது பக்கம் மறந்துபோயிருந்தது. சரிவில் இறங்கி ஓடினேன்.

கொஞ்சம் கீழே ஒரு பாறை நிழலில் ஜிம்மி கிடந்தது. முன்னங்கால்களுக்கு நடுவே நார் நாராக இலை. பூவைக் காணோம். வாயோரம் எச்சில் வடிந்தது. கூப்பிட்டேன், காதைக்கூட அசைக்கவில்லை. அஞ்சலை தூக்குவாளியை எடுத்துவந்தாள். கூழுக்கு வைத்திருந்த உப்பு முழுவதையும் நீராகாரத்தில் கொட்டிக் கலக்கினாள். தனக்கோடி அதன் வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டாள். பாதி உள்ளே போனது, பாதி எங்கள் மேல் கொட்டியது. திமிறியது, இருமியது, கடைசியில் வயிற்றைச் சுருக்கிக்கொண்டு வாந்தி எடுத்தது. இட்லியும் இலையும் வந்தன. பூ வந்ததா என்று தெரியவில்லை. பிறகு அப்படியே சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

நான் மலை உச்சிப் பக்கம் திரும்பி, வாய்விட்டே சொன்னேன். "கன்னிமாராத்தா, இது பொழச்சிட்டா நான் சரின்னு சொல்லிடுறேன். அவரையே கட்டிக்கிறேன்."

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. நிழல் பாறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. என் மடியில் அதன் விலா ஏறி ஏறி இறங்கியது. நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் புல் அறுக்கப் போகவில்லை. தங்கள் கூழில் எனக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள், உப்பில்லாமல் குடித்தோம்.

அஞ்சலை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள். "ஏம்மா, நேந்துக்கிறவங்க முடியாததத்தான நேந்துக்குவாங்க? மொட்ட அடிக்கிறேன், மண்சோறு திங்கிறேம்பாங்க. நீ அந்தப் பையன கட்டிக்கிறேன்னு நேந்துக்கிட்டியே, அவரு அவ்வளவு கஷ்டமா ஒனக்கு?"

அந்தக் கேள்வியை நான் இருபது வருஷத்துக்கு மேலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். பிடிக்காததைத் தலையில் ஏற்றிக்கொண்டேனா, பிடித்ததைச் சொல்ல ஒரு சாக்குக் கிடைத்ததா?

"ஆசையிலதான் சொன்னாளோ என்னமோ, நீ சும்மா இருடி" என்றாள் தனக்கோடி. பிறகு என்னிடம், "ஒங்கப்பா ஒன்ன கேட்டாராக்கும்?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்களயெல்லாம் எவன் கேட்டான்" என்று சொல்லிவிட்டு அறுத்த புல்லைக் கட்டப் போனாள். அவள் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு சின்ன ஜிம்மி கண்ணைத் திறந்தது. எழுந்து நின்றது, தடுமாறியது, உடம்பை உதறியது. நேராகத் தூக்குவாளியிடம் போய் மூக்கை விட்டுப் பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் காக்கைகள் பறந்தன. கிளம்பும்போது தனக்கோடியிடம் இன்னொரு தரம் கேட்டேன், அந்தப் பூ வெள்ளையா சிவப்பா என்று. "அரளின்னதும் எனக்கு கண்ணே தெரியலம்மா" என்றாள்.

ஜிம்மியைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக இறங்கினேன். கன்னிமார் கேட்டுவிட்டார்கள், இனி நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. "சரிப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சரிங்கப்பா, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிப் பார்த்தேன். அது கொஞ்சம் நாடகமாக இருந்தது. "எனக்குப் புடிச்சிருக்குப்பா" என்று மெதுவாகச் சொன்னேன். மரம் மட்டையெல்லாம் கேட்டிருக்குமோ என்று வெட்கமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அந்தச் சரிவில் இறங்கிய அளவுக்கு லேசான மனசோடு நான் அதற்கு முன்னால் நடந்ததில்லை, பின்னாலும் அதிகம் நடந்ததில்லை.

அடிவாரத்துப் புங்கமரத்தடியில் அப்பா நின்றார்.

சட்டையைப் பித்தான் மாற்றிப் போட்டிருந்தார். சைக்கிள் வரப்பில் சாய்ந்து கிடந்தது. தரகர் முன்கூட்டியே வந்துவிட்டாராம், என்னை அழைத்துவர அப்பா பூத்துக்குப் போயிருக்கிறார். நான் வேலைக்கே வரவில்லை என்றார்களாம். திரும்பி வந்தால் எதிர் வீட்டு அக்கா, உங்க பாப்பா அரளி பறித்துக்கொண்டு மலைப் பக்கம் தனியாகப் போனாள் என்று சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அப்போது அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், தலைமுடியைப் பார்த்தார், வெறும் காலைப் பார்த்தார். பக்கத்தில் வந்து இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். "அப்பா..."

"வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன் பாப்பா" என்றார். "தரகர அப்பவே அனுப்பிட்டேன். நீ ஒண்ணும் பயப்படாத. புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? அப்பா ஒன்ன என்னா பண்ணிடப் போறேன்?" அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். இல்லப்பா, எனக்குப் பிடித்துப் போய்விட்டது, ஒரு நாய்க்காக வேண்டிக்கொண்டேன் என்றா? மகள் உயிரோடு இறங்கி வருகிறாளா என்று மலையைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதரிடம்? நானும் அழுதேன். என் அழுகைக்கு அவர் அவருக்குத் தெரிந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். ஜிம்மியை என் கையிலிருந்து வாங்கி சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டில் அம்மா, "எம்புள்ள வந்துட்டா, அது போதும்" என்று திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து, பூத்தில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், தரகர் கொடுத்திருந்த கடை நம்பரை நினைவிலிருந்து சுழற்றினேன். "மோட்டார் கடைங்க, யாரு பேசுறது?" என்றது ஒரு குரல். அவரா, கடையில் வேலை செய்கிறவரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு சொல்லைக் கேட்டு ஒருவர் குரலை எப்படி அடையாளம் வைத்துக்கொள்வது? "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைகாசியில் அவருக்கு உடையார்பாளையம் பக்கம் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன்.

கன்னிமாருக்குச் சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றவில்லையா, காப்பாற்ற விடவில்லையா என்பதையும் யாரிடமும் கேட்க முடியவில்லை. சின்ன ஜிம்மி அதற்குப் பிறகு இரண்டு மூன்று மழைக்காலம் இருந்தது. நான் ஊரில் இல்லாதபோது ஒருநாள் போய்விட்டது. பூத் இருந்த இடத்தில் முதலில் செல்போன் கடை வந்தது, இப்போது வேறு என்னவோ. அந்தக் கரட்டில் ஒரு பக்கத்தை ஜல்லிக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். சுனை இருந்த பக்கம்தான் அது. கன்னிமாரைக் கீழே கொண்டுவந்து ரோட்டோரம் டைல்ஸ் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் வேறு வரன் வந்தது. அவர்கள் வந்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் நான் பட்டறைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன், அப்பா கூப்பிடுவார் என்று. இந்தத் தடவை என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா கூப்பிடவில்லை. "எம்பொண்ணு மனசு எனக்குத் தெரியாதா" என்று தரகரிடம் சொல்லி, அவரே சரி என்றுவிட்டார். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா போய் ஆறேழு வருஷமாகிறது. வீடு விற்றபோதும், தனக்குப் பிறகு அம்மாவை யாரிடம் விடுவது என்று பேசியபோதும், என்னிடம் மட்டும் அவர் எதையும் கேட்டதில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்று கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்.